உறிஞ்சுற ஓஸும் ஊதுற ஓஸும்

“மழ பேஞ்சா ஒழுகும்” என்றார் ராயப்பராஜ்.

காரைச் சுற்றி வந்துகொண்டிருந்த சிவபிரகாஷ் நின்றான். ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறி மண்டி வைத்திருக்கிற பையன். கார் விற்பனைக்கு என்று கேள்விப்பட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தான்.

“எங்கீங்க ஒழுகும்?”

ராயப்பராஜ் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. “பின்னாடி... முன்னாடியுந்தான். பொதுவா ஒழுகும்.”

“சரிங்க.”

“எலி வேற. ஒயரக் கடிச்சுப்புடும்.”

“எலி எல்லா வண்டியிலயும் இருக்குதுங்க.”

“டீசல் குடிக்கும் பாருங்க, வாய வச்சா எடுக்காது.”

சிவபிரகாஷ் காரை விட்டுவிட்டு அவரிடம் வந்தான். அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“ஏனுங்க சார், இந்த மாசத்துல எத்தனையோ வண்டி பாத்துட்டேனுங்க. ஒருத்தராச்சும் ஒரு கொற சொல்லோணுமே. எல்லாரும் தங்கம்னாங்க, வைரம்னாங்க. நீங்க ஒருத்தர்தானுங்க உள்ளதச் சொன்னீங்க. உங்க கையில இருந்த வண்டிய கண்ண மூடிட்டு எடுக்கலாமுங்க. ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிப் பாத்துட்டு முடிச்சுக்கலாமுங்க.”

அவன் போன பிறகும் ராயப்பராஜ் நீட்டிய கையை மடக்காமல் நின்றார். வேலைக்கு வருகிற அன்னாள் குழாயடியில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

“எப்பய்யா ஒழுகுச்சு? நான் பாக்கலியே.”

“உன் வேலயப் பாரு” என்றார் அவர்.

அந்தக் கார் மழைக்கு ஒழுகியதே இல்லை. அவர்தான் அது நிற்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் ஒழுகிக்கொண்டிருந்தார்.

கார் ஜெரினுடையது. ஜெரின் அவர்களுக்கு ஒரே பிள்ளை. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தான். மழை விடுவதற்குள் போய்விட்டான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வயது. ஆண்டு நினைவுப் பூசை முடிந்த மறுநாள், அவனுடைய அம்மா புஷ்பமேரி பீரோவைத் திறந்து, சட்டைகளை எல்லாம் மடித்துப் பைகளில் போட்டு, பங்குக் கோயிலில் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு வேலை என்று எடுத்தால் பாதியில் விடமாட்டாள். அன்றைக்கு அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

மிச்சம் இருந்தது கார்தான்.

சாயங்காலமானால் ராயப்பராஜ் காரின் கதவைத் திறந்து பிள்ளை உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்வார். எங்கும் போகமாட்டார். சாவி போடமாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சும்மா இருப்பார். ஒரு நாள் புஷ்பமேரி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“எந்திரிச்சு வாங்க. காப்பி ஆறுது.”

“வாரேன்.”

“மதியச் சோறும் அப்படியே இருக்கு.”

“வாரேன்னு சொல்றேன்ல.”

அவள் போகவில்லை. கதவுப் பிடியைத் தடவிக்கொண்டே நின்றவள், “இதையும் வித்துருவோங்க” என்றாள்.

“ஏன் மேரி?”

“பாத்துக்கிட்டே இருக்க முடியல.”

காரைப் பார்க்கமுடியவில்லை என்கிறாள் என்று ராயப்பராஜ் எடுத்துக்கொண்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு சட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தவளிடம், இது மட்டும் இருக்கட்டுமே என்று எந்த வாயால் கேட்பது? சரி என்றார். சரி என்று சொன்ன நிமிஷத்திலிருந்து, எப்படி விற்காமல் இருப்பது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

குறை சொல்லிப் பார்த்தது இப்படியாகிவிட்டது. அப்புறம்தான் அவருக்கு ஓஸ் நினைவு வந்தது.

அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஜெரினுக்குக் கார் வாங்கியதில் பாதி சந்தோஷம் என்றால், அதைக் கழற்றி மாட்டுவதில்தான் மீதி. கம்பெனி கொடுத்த ரப்பர் டர்போ பைப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பளபளவென்று ஓர் அலுமினியப் பைப்பை வரவழைத்தான். ஆபீஸ் லீவு நாள் எல்லாம் பானெட்டுக்குள்தான் தலை. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே வயதான ராயப்பராஜுக்கு வீட்டில் ஒரு பல்பு மாட்டத் தெரியாது. ஆனால் டார்ச் பிடிப்பார். பிள்ளை கேட்டால் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், எப்போதும் தப்பானதாக.

ஒரு நாள் சாப்பிடும்போது தோசைத் தட்டுக்குப் பக்கத்திலேயே மெல்லிசான இரண்டு கருப்பு ரப்பர் ஓஸைப் போட்டு வைத்துக்கொண்டு ஜெரின் விளக்கினான்.

“அப்பா, பழைய பைப்புல ஓஸ் மாட்டுற மூக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு. புதுசுல அந்தப் பக்கம் வச்சுட்டான். பழைய ஓஸ் எட்டாது. அதான் வேற ஓஸ் வாங்கி, சுத்தி வேற வழியாக் கொண்டு வாரேன். இது வாக்கும் ஓஸ். உறிஞ்சும். இது பூஸ்ட் ஓஸ். ஊதும்.”

“ரெண்டும் ஒண்ணு மாதிரில்ல இருக்கு.”

“அதுதான் வம்பு. உறிஞ்சுறது டர்போவுக்குப் போகணும், ஊதுறது சென்சாருக்குப் போகணும். ரெண்டு மூக்கும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. எடம் மாத்தி மாட்டுனோம்னு வைங்க, அம்புட்டுதான். அய்யலூர் சந்தைக்கு இழுத்துட்டுப் போற ஆடு மாதிரி, இழுத்தாலும் வராது.”

அடுப்பைப் பார்த்து நின்ற புஷ்பமேரி திரும்பாமலே சொன்னாள். “வாக்கும் ஒண்ணும் உறிஞ்சாதுடா. உள்ள காத்து இல்லைன்னா வெளிக்காத்துதான் தள்ளும். எட்டாப்புலயே சொல்லிக் குடுத்தேன்.”

“சரி டீச்சர்.”

“சாப்புடுற எடத்துல இருந்து அந்தக் கருமத்த எடு மொதல்ல.”

“எடுத்துட்டேன் டீச்சர்.”

தோசைக் கரண்டி அவன் முதுகில் பட்டது. அந்த வீட்டில் அப்போதெல்லாம் சிரிப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ராயப்பராஜ் எழுந்தார். கோயிலுக்குப் போகிற வேட்டி சட்டையோடு பானெட்டைத் திறந்தார். பிரேக்குக்குப் போகிற தடி ஓஸின் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. கார் போகக்கூடாதே தவிர, வந்த பையன் நன்றாக இருக்கவேண்டும். மெல்லிசான அந்த இரண்டு ஓஸையும் பிடுங்கி இடம் மாற்றி மாட்டினார். பானெட்டைச் சத்தமில்லாமல் அமுக்கிவிட்டுப் பூசைக்குப் போனார். பாவத்துக்கு மனம் வருந்தி நெஞ்சில் தட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிக்கொண்டார். திரும்பும்போது பால் வாங்கிக்கொண்டு வந்தார். புஷ்பமேரி பிள்ளை போன பிறகு காலைப் பூசைக்கு வருவதை விட்டுவிட்டாள்.

சிவபிரகாஷ் வந்து ஓட்டினான். ராயப்பராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி முக்க ஆரம்பித்ததும் என்ன முகம் வைத்துக்கொள்வது என்று பழகிக்கொண்டிருந்தார். தாடிக்கொம்பு ரோட்டில் ஏறியதும் கார் ஒரு இழுப்பு இழுத்தது. அவர் முதுகு சீட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. தென்னை மரங்கள் எல்லாம் பின்னால் ஓடின. அவன் காலை எடுத்ததும் ‘புஸ்ஸ்’ என்று ஜெரினுக்குப் பிடித்த அந்தச் சத்தம்.

“பறக்குதுங்க சார்” என்றான் சிவபிரகாஷ்.

“ஆமாங்க” என்றார் ராயப்பராஜ், அழமாட்டாத குறையாக.

புஷ்பமேரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“எப்படிங்க ஓடுச்சு?”

“பறந்துச்சு.”

“பறந்துச்சா?”

“பறந்துச்சுங்கிறேன்ல.”

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளையின் கைவேலையை நினைத்துக்கொண்டாள் போல என்று ராயப்பராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அவள் திரும்பி அன்னாளைப் பார்த்தாள். அன்னாள் சட்டென்று விளக்குமாற்றை எடுத்து, கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள்.

சிவபிரகாஷ் கிளம்பி, மற்றவர்கள் உள்ளே போன பிறகு பானெட்டைத் திறந்து பார்த்தார். ஓஸ் இரண்டும் சரியான இடத்தில், ஜெரின் மாட்டி வைத்த மாதிரியே இருந்தன. ராயப்பராஜுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. இருட்டில் மாற்றி, மாற்றியதை மறுபடி மாற்றிவிட்டோமோ? வயசாகிவிட்டது. நேற்றுக்கூட மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடினார்.

சிவபிரகாஷ் போன் பண்ணினான். வியாழக்கிழமை வந்து சிறுமலை ஏற்றிப் பார்க்கவேண்டுமாம். “பறக்குறது சரிங்க, ஏறோணுமல்லங்க.”

இந்தத் தடவை ராயப்பராஜ் விடவில்லை. வியாழக்கிழமை காலையில் செத்த நேரம் கழித்து, வெளிச்சம் பார்த்தே பானெட்டைத் திறந்தார். “உறிஞ்சுறது இங்க, ஊதுறது அங்க” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இடம் மாற்றினார். மாற்றிய பிறகு போனை எடுத்து ஒரு போட்டோவும் பிடித்துக்கொண்டார். அதில் அவருடைய கட்டைவிரல் பாதி வந்திருந்தது. மீதிப் பாதியில் ஓஸ் இரண்டும் தெளிவாகத் தப்பாக இருந்தன. நிம்மதியாகப் பூசைக்குப் போனார்.

கார் சிறுமலையை ஆட்டுக்குட்டி மாதிரி தாவித் தாவி ஏறியது.

“சனிக்கெழம எடுத்துக்கிறேனுங்க சார்” என்றான் சிவபிரகாஷ், மேலே காற்று வாங்கிக்கொண்டு. “வேற யாருக்கும் பேசிராதீங்க.”

வீட்டுக்கு வந்ததும் பானெட்டையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் ஓஸ் தப்பு. காரில் சரி. மட்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். “மேரி, காலையில கார்ப் பக்கம் யாரும் வந்தாங்களா?”

தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனக் கிண்ணத்தை நகர்த்தப் போன அவள் கை அப்படியே நின்றது.

“யாரு வரப்போறா? எலி வரும்னு நீங்கதான சொன்னீங்க.”

“எலி கடிக்கும். மாட்டாது.”

“என்னது?”

“ஒண்ணுமில்ல. ரசம் ஊத்து.”

அன்று சாயங்காலம் அவர் காருக்குள் உட்காரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். ஜெரினின் கல்லறையில் காய்ந்திருந்த சம்பங்கியை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்துக் கல்லறைக்கு வந்த பெண்கள் நகரும்வரை காத்திருந்தார். பிறகு குனிந்து, ரகசியம் கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஏலே ஜெரினு. நீதான் மாத்துறியா?”

சாமந்திப்பூ விற்கிறவளின் குரல் வெளியே ரோட்டில் கேட்டது.

“நான் கெடுக்கக் கெடுக்க நீ சரி பண்ணி வைக்கிற. உன் வேலையப் பாத்து நாலு பேர் குத்தம் சொல்லக் கூடாதுன்னா? இல்ல, சும்மா நிப்பாட்டி வச்சுக்கிட்டு அழாதீங்க, ரோட்டுல ஓடட்டும்னு சொல்றியா, அப்பு?”

டார்ச் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் அவன் பதில் சொன்னது கிடையாது. வேலையில் மூழ்கிவிட்டால் காது கேட்காது அவனுக்கு. இப்போதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்.

“சரி. போயிட்டு வா” என்றார்.

சனிக்கிழமை காலையில் அவர் பானெட்டைத் தொடவில்லை. கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனார். அன்றைக்கு நெஞ்சில் அளவாகத் தட்டிக்கொண்டார்.

திரும்பி வந்தபோது சிவபிரகாஷ் வந்துவிட்டான். மாலை, குங்குமம், நாலு எலுமிச்சம்பழம்.

“தப்பா நெனச்சுக்காதீங்க சார். நம்ம பழக்கமுங்க.”

“செய்ங்க தம்பி. நல்லதுதான.”

புஷ்பமேரி எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். அவள் தம்ளர் தட்டில் கடகடவென்று ஆடியது. பாவம், எப்போது போகும் என்று இருக்கிறாள் என்று ராயப்பராஜ் நினைத்தார். சாவியைக் கொடுத்தார். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் வாசலைத் தாண்டியது.

தெருமுனைகூடப் போகவில்லை. கரும்புகை கக்கியது. உறுமல் மட்டும் பெரிதாகக் கேட்டது. கார் நகர்வதைப் பார்த்தால் பின்னால் யாரோ வாலைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. தெருநாய் ஒன்று அதை மெதுவாக முந்திக்கொண்டு போனது. சிவபிரகாஷ் எப்படியோ வளைத்து, வாசலுக்கே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

“ஏனுங்க சார், மூச்சு வாங்குதுங்க.”

ராயப்பராஜ் வாயைத் திறப்பதற்குள் படியிலிருந்து புஷ்பமேரி பேசினாள். இவ்வளவு வேகமாக அவள் பேசி ஒரு வருஷமாகிவிட்டது.

“அது அப்படித்தான் தம்பி. திடீர் திடீர்னு மக்கர் பண்ணும். உங்களுக்கு வேணாம். வேற நல்ல வண்டியாப் பாத்துக்குங்க. இத விட்டுருங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்.”

ராயப்பராஜ் அவளைப் பார்த்தார். முகம் சிவந்து, கண் பளபளத்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகும் என்று நம்பியிருந்தது போகாமல் நின்றுவிட்டதில் பதறிப்போய், வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பானெட்டைத் திறந்தார்.

ஓஸ் இரண்டும் இடம் மாறியிருந்தன. அவர் மாற்றுவது போலவே.

அவருக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று பொங்கியது. மறைக்காமல் சொல்கிறேன், பிள்ளை திரும்பி வந்து படியேறுகிற மாதிரியே இருந்தது அவருக்கு. போகமாட்டேன் என்கிறான். வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறான். ஒன்றுமே செய்யவேண்டாம். பானெட்டை மூடினால் போதும். பையன் மாலையை எடுத்துக்கொண்டு போய்விடுவான். சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளலாம்.

மூடுவதற்குக் கையை மேலே தூக்கியும்விட்டார்.

அப்போது தூணைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் கண்ணில் பட்டன. வெளுத்துப்போயிருந்தன. பார்த்துக்கொண்டே இருக்கமுடியவில்லை என்று அவள் சொன்னது காதில் கேட்டது. போனவன் அடம் பிடிக்கிறான் என்பதற்காக, இருக்கிறவளைத் தினம் தினம் நோகடிக்கலாமா?

பானெட்டுக்குள் தலையை நன்றாக விட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னார். “ஏலே, எனக்காக இருக்கேங்கிற. தெரியுது. அம்மாவுக்காகப் போயிருடா. அவ தாங்கமாட்டா.”

ஓஸ் இரண்டையும் பிடுங்கினார். உறிஞ்சுறது அங்க, ஊதுறது இங்க. பல்பு மாட்டத் தெரியாத மனுஷன், பிள்ளை மாட்டிய மாதிரியே அழுத்தி, திருகி, கிளிப்பையும் தள்ளிவிட்டார்.

“இப்ப அமத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி.”

“சார், உங்களுக்கு மெக்கானிக் வேலையும் தெரியுமுங்களா?”

“இந்த ஒண்ணுதான் தெரியும்.”

கார் கிளம்பியது. புகை இல்லை, முக்கல் இல்லை. தெருமுனையில் திரும்பும்போது ‘புஸ்ஸ்’ என்று ஒரு தடவை கேட்டது. அப்புறம் பேருந்துச் சத்தம்தான்.

அவர் திரும்பியபோது படியில் புஷ்பமேரி இல்லை. அடுப்படியில் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், பெருமூச்சு மாதிரியும் கேவல் மாதிரியும் விட்டு விட்டு ஒன்று கேட்டது. கல்லறையிலும் அழாதவள், சட்டைகளை மடிக்கும்போதும் அழாதவள்.

ராயப்பராஜ் படியில் உட்கார்ந்தார். வாசலில் கார் நின்ற இடம் மட்டும் மழைத் தடமில்லாமல் வெள்ளையாக இருந்தது. அன்னாள் குனிந்து நசுங்கிய எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அழுதுட்டா, அன்னாளு” என்றார் அவளிடம். “பாரம் எறங்கிருச்சு அவளுக்கு. இது போதும் எனக்கு.”

அன்னாள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

“என்னய்யா பாரம் எறங்குச்சு, நீங்க உள்ளயே ஒக்காந்து கெடக்குறதப் பாக்க முடியாமத்தான் விக்கச் சொன்னாங்க, அப்புறம் மனசு கேக்காம, வண்டி போயிரக் கூடாதுன்னு நீங்க கோயிலுக்குப் போற நேரமாப் பாத்து அந்த ரெண்டு ஓஸையும் டீச்சரம்மாதான எடம் மாத்தி மாட்டுனாங்க, நாந்தான டார்ச் புடிச்சேன், மொத ரெண்டு தடவ மாத்தியும் பறந்துபோன வண்டி இன்னைக்குத்தான் ஒருவழியா நின்னுச்சு, அதையும் நீங்களே சரிபண்ணி அனுப்பி வச்சுட்டீங்களே.”